தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

வைனோ ஹார்யு தன் மச்சான் லெஸ்டருக்குத் தரவேண்டிய பாக்கி அறுநூற்று நாற்பது டாலர். ஆயிரத்து நூறுக்குப் பேசி வாங்கிய துப்பாக்கி அது. கூலி வந்த வாரங்களில் இருபதும் நாற்பதுமாகக் கொடுத்துக் கழித்தது போக நின்ற மிச்சம்.

லெஸ்டர் மார்லிஸின் அண்ணன். மார்லிஸ் வைனோவின் மனைவி. தங்கை வீட்டுப் பணம் என்பதால் லெஸ்டர் ஒருநாளும் அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலே உறைக்க வைக்கிற வித்தை அவனுக்குக் கைவந்தது. சர்ச் வாசலில் நாலு பேர் நிற்கும்போது, "என் துப்பாக்கி சௌக்கியமா மாப்ள? எண்ணெய் போட்டுத் துடைக்கிறியா?" என்பான். காசு கொடுத்து வாங்கிய பொருளை இன்னொருத்தன் 'என் துப்பாக்கி' என்று சொல்லும்போது வைனோவுக்கு வயிறு எரியும். பாக்கி இருக்கிறதே, என்ன பேச முடியும்?

அது முந்நூறு மேக்னம். கட்டைவிரல் தடிமனில் பித்தளைத் தோட்டா. மலைக்கு மலை குறிபார்த்து எல்க் மாதிரிப் பெரிய விலங்கைச் சாய்க்கிறவர்கள் வைத்திருப்பது. "இதால அடிச்சா மான் நின்ன இடத்துலயே மடங்கிடும் மாப்ள. சதுப்புக்குள்ள தேடிட்டு அலையற வேலையே கிடையாது" என்று சொல்லித்தான் லெஸ்டர் விற்றான். காகித ஆலைக்கு மரம் வெட்டுகிற வேலை வைனோவுக்கு. பகலெல்லாம் பனியில் ரம்பத்தோடு நின்ற காலுக்கு, தேடி அலைய வேண்டாம் என்ற பேச்சு தேனாக இனித்தது. ஒரு மேப்பிள் கிளை விழுந்து அவனுடைய வலது காறை எலும்பு உடைந்து கோணலாகக் கூடியிருந்ததை அந்த நேரத்தில் அவனும் நினைக்கவில்லை, லெஸ்டரும் நினைவுபடுத்தவில்லை.

அந்தத் துப்பாக்கியோடு இரண்டு பருவம் போனான். இரண்டு முறையும் மான் கிட்டத்திலேயே வந்து நின்றது. இரண்டு முறையும் தவறிப்போனது. குறி தவறினவனுடைய சட்டையின் பின்வாலைக் கத்தரித்து, பேரெழுதி, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுவது அந்தப் பக்கத்து வேட்டைக் கூடாரங்களில் வழக்கம். கூடாரம் என்பது பேச்சுக்கு, மரவீடுதான். அங்கே வைனோவின் இரண்டு கட்டம்போட்ட துணிகள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின.

இந்த வருஷம் சிரித்துவிட்டுப் போகிற நிலைமை இல்லை. ஆலையில் ஒரு ஷிஃப்டை நிறுத்தியதில் மார்லிஸுக்கு வேலை போய்விட்டது. வீட்டின் பின்னறையில் இருந்த பெரிய ஃப்ரீஸரில் புளூபெரிப் பைகளும் மீன் துண்டு கொஞ்சமும்தான் கிடந்தன.

அக்டோபர் ஆரம்பத்தில் ஒருநாள் மார்லிஸ் அந்த ஃப்ரீஸரைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"முதலாளி எத்தனை நாள் லீவு தர்றாரு?"

"நவம்பர் பதினஞ்சு, வேட்டை ஆரம்பிக்கிற நாள்லேர்ந்து மூணு நாள். அதுக்கு மேல வாய் திறக்கக்கூடாதுன்னுட்டாரு."

"மூணு நாள்ல ஒரு மான் வந்தாகணும் வைனோ. மாட்டுக்கறி விலை என்னன்னு உனக்குத் தெரியும்."

"மான் வரும். எனக்குத்தான் நேரம் சரியில்ல."

மார்லிஸ் ஃப்ரீஸரை மூடினாள். "நேரத்தை ஏன் இழுக்கற? உனக்கு அந்தத் துப்பாக்கியைக் கண்டா பயம்."

"யாருக்கு? எனக்கா?"

"உனக்குத்தான். வேட்டைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தூக்கத்துல தோளைப் பிடிச்சுக்கிட்டுப் புரள்றே. பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா?"

வைனோ வெளியே போய், தேவையே இல்லாமல் ஒரு அடுக்கு விறகைப் பிளந்தான். பிளந்து முடித்தபோது கோபம் இறங்கியிருந்தது. அவள் சொன்னது மட்டும் அப்படியே நின்றது. துப்பாக்கியை வண்டியில் போட்டுக்கொண்டு கோரின் கடைக்குப் போனான்.

கோரின் அறுபதைத் தாண்டியவள். ஊரில் துப்பாக்கி, தூண்டில் புழு, கம்பளிக் காலுறை எல்லாம் அவள் கடையில்தான். அவன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கதவில் 'இதோ வருகிறேன்' அட்டையை மாட்டி, அவனையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கிற சரளைக் குழிக்கு ஓட்டினாள். காகிதத் தட்டு ஒன்றை மண்மேட்டில் குத்தி வைத்தாள்.

"தோட்டாவை நான்தான் போட்டுத் தருவேன். நீ பார்க்காதே. தட்டை மட்டும் பாரு."

முதல் தோட்டா வெடித்தது. தோளில் சம்மட்டி இறங்கியது போலிருந்தது. தட்டின் ஓரம் பிய்ந்தது. கோரின் துப்பாக்கியை வாங்கித் திரும்பி நின்று ஏதோ செய்து மறுபடி கொடுத்தாள். வைனோ குறிபார்த்து விசையை இழுத்தான். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. அவள் போட்டிருந்தது மருந்தில்லாத வெற்றுத் தோட்டா. வெடிக்கவே வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் குழல் முனை தரையைப் பார்த்துக் கும்பிடு போட்டது. வைனோவின் கண் இறுக மூடியிருந்தது. தோள் முன்னால் பாய்ந்திருந்தது.

"இதுக்கே இந்தக் குலுக்கலா!" என்றாள் கோரின். "வெடிக்கிறதுக்கு எவ்வளவு குலுக்குவே? மான் தப்பிச்சதுல ஆச்சரியமே இல்லப்பா. அது காலடி மண்ணைத்தான் நீ சுட்டிருக்கே."

"இன்னொரு தடவை போடு அக்கா."

மறுபடி போட்டாள். குழல் மறுபடி கும்பிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று மனசு எவ்வளவு கத்தினாலும் உடம்பு அடி விழப்போகிறது என்று முன்கூட்டியே குறுகியது. அடிக்குப் பயந்த நாயை அதட்டி நிமிர்த்த முடியுமா? வைனோ வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டான். முகம் சுட்டது.

"இதை மாத்தணும்" என்றான்.

"எதை? துப்பாக்கியையா, பயத்தையா?"

"ரெண்டையும்."

கடைக்குத் திரும்பியதும் கோரின் கேள்வியாகக் கேட்டாள்.

"வேட்டைக்கு நீ எங்க உக்காருவே?"

"சீடார் சதுப்பு ஓரத்துல."

"எவ்வளவு தூரத்துக்குப் பார்வை போகும்?"

"எழுபது, எண்பது கஜம். பழைய ரோடு பக்கம் திரும்பி உக்காந்தா நூறு."

"நூறு கஜத்துக்கு ஒரு மானைச் சுட, வயோமிங் மலைக்குப் போற தோட்டா எதுக்கு? பக்கத்து வீட்டுக்குப் பால் வாங்கப் போறதுக்கு லாரி எடுக்கிற மாதிரி இருக்கு."

வைனோ அலமாரியைப் பார்த்தான். "அப்போ தர்ட்டி நாட் சிக்ஸ் கொடு. ஊர் பூரா அதைத்தான் வச்சிருக்கான்."

"ஊருக்கு உன் தோள் இல்லயே. அதுவும் உதைக்கும். கெட்டுப்போன தோள்ல நீ புதுசா வேற ஒரு பயத்தை ஏத்திக்குவே."

அடுத்து லீவர் வைத்த பழைய தர்ட்டி-தர்ட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கைக்கு அடக்கமாக இருந்தது. அந்தக் காட்டுக்குப் பிறந்ததே அதுதான் என்று சொல்லலாம். ஆனால் அதில் தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற ஸ்கோப் மாட்ட இடமில்லை. இரும்புக் குறியைக் கண்ணோடு கோத்துப் பார்த்தான் வைனோ. ஐம்பது தாண்டிய கண்ணுக்கு முன்குறி பஞ்சு மாதிரிக் கலங்கியது. திருப்பிக் கொடுத்தான்.

"டூ ஃபார்ட்டி த்ரீ இருக்கு" என்றாள். "உதையே தெரியாது. ஆனா குண்டு எடை கம்மி. மான் பக்கவாட்டுல நின்னு படம் எடுக்கக் காட்டற மாதிரி காட்டினா போதும், விழுந்துரும். சதுப்புல எந்த மான் அப்படி நிக்குது? கோணலா நிக்கும், முன்தோள் எலும்பு குறுக்க வரும். நல்லா சுடறவன் கையில அது நல்ல தோட்டா. இப்போதைக்கு நீ அந்த ஆள் இல்ல."

"நேராவே சொல்றியே அக்கா."

"மான் கிட்ட போய்ப் பொய் சொல்லப் போறியா? இந்தா, இதைப் பிடி."

அது ஒரு பழைய துப்பாக்கி. செவன் எம்எம் நாட் எய்ட். ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வைத்திருந்து, அரிசோனாவுக்குக் குடிபோகும்போது கடையில் விட்டுப்போனது. பின்கட்டையை ஒரு விரற்கடை அறுத்துச் சின்னதாக்கி, முனையில் தடித்த ரப்பர் பொருத்தியிருந்தார்கள்.

"பொம்பளைத் துப்பாக்கியா?" என்றான் வைனோ.

"ஏன், அதுக்குப் பாவாடை கட்டியிருக்கா?" என்றாள் கோரின். "உன் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கிட்டுத் தூக்கிப் பாரு."

கோட்டோடு தூக்கினான். மேக்னத்தைத் தூக்கினால் கட்டை கோட்டில் சிக்கும், கழுத்தை நீட்டித்தான் ஸ்கோப்புக்குள் பார்க்க வேண்டியிருக்கும். இது கன்னத்தில் வந்து தானாகப் படிந்தது. கண்ணுக்கு எதிரே ஸ்கோப் வட்டம் முழுசாகத் தெரிந்தது.

"நூத்து நாப்பது கிரெய்ன் எடைக் குண்டு" என்று கோரின் ஒரு பெட்டியைத் தட்டி வைத்தாள். "எலும்பு குறுக்க வந்தாலும் உடைச்சுக்கிட்டு உள்ள போற எடை இருக்கு. உன் தோளும் தாங்கும். ஒரே மாதிரி ரெண்டு பெட்டி வாங்கிக்கோ. குறியைச் சரி பண்றதும் இதுலதான், வேட்டைக்குப் போறதும் இதுலதான். பழகறதுக்கு மலிவு, பதினஞ்சாம் தேதிக்கு ஒசத்தின்னு மாத்தற வேலையை இந்த ஊர்க்காரங்க விடவே மாட்டேங்கறாங்க. எடை மாறினா குண்டு போற இடமும் மாறும்."

விலைக்கு வழி அவளே சொன்னாள். ரோடு போடுகிற காண்ட்ராக்டர் ஒருவர் அந்த வாரம் வயோமிங்குக்கு எல்க் வேட்டைக்குப் போகிறார், மேக்னம் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அது ஏற்ற துப்பாக்கி. மறுநாளே வந்து பார்த்து வாங்கிக்கொண்டார். கோரினின் தரகு போக வைனோவுக்கு எண்ணூற்று ஐம்பது வந்தது. சின்னத் துப்பாக்கியும் இரண்டு பெட்டித் தோட்டாவும் சேர்ந்து நானூற்று நாற்பது. மீதி நானூற்றுப் பத்தைக் கோட்டுப் பையில் வைத்தான்.

அதற்குப் பிறகு வேலை முடிந்த சாயங்காலங்களில் சரளைக் குழிதான். முதலில் அணில் சுடுகிற சின்னத் துப்பாக்கியைக் கொடுத்தாள் கோரின். உதையே இல்லாத அதில் சுட்டபோதும் முதல் நாட்களில் அவன் தோள் குறுகியது. வெற்றுத் தோட்டாவையும் நல்ல தோட்டாவையும் கலந்து போட்டுக்கொண்டே இருந்தாள். "வெடிக்குமா வெடிக்காதான்னு நினைக்காதே. குறி மட்டும் உன் வேலை. மத்தது துப்பாக்கியோட வேலை" என்பாள். மழை பெய்தது, பிறகு பனி விழுந்தது. வைனோ ஒருநாளும் விடவில்லை. மாதக் கடைசியில் புதுத் துப்பாக்கியை எடுத்தார்கள். டிக் என்றபோது குழல் அசையாமல் நின்றது. தட்டின் நடுவில் ஒரு கையகலத்துக்குள் ஓட்டைகள் விழுந்தன. கோரின் அந்தத் தட்டை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குப்பையில் போட்டாள். அதுவே பெரிய பாராட்டு.

நவம்பர் தொடக்கத்தில் வைனோ லெஸ்டர் வீட்டுக் கொட்டகைக்குப் போய் நானூற்றுப் பத்து டாலரை மேசைமேல் வைத்தான். லெஸ்டர் எண்ணினான். முகம் மலரவில்லை.

"ஏது இவ்வளவு?"

"மேக்னத்தை வித்துட்டேன்."

"என் துப்பாக்கியையா? என்னைக் கேக்காமயா?"

"என் துப்பாக்கி மச்சான். பாக்கிதான் உன்னோடது. இன்னும் இருநூத்து முப்பது இருக்கு. கிறிஸ்துமஸுக்குள்ள தந்துடறேன்."

"அப்போ மான் எதால அடிக்கப்போறே? கல்லாலயா?"

வைனோ சொன்னான். லெஸ்டர் கொட்டகை அதிரச் சிரித்தான். "அந்த டீச்சரம்மா துப்பாக்கியா! மானுக்குப் பாடம் நடத்தப் போறியா மாப்ள? மூணாவது சட்டையையும் இப்பவே கழட்டி வச்சுடு, குளிர்ல கத்தரிக்கக் கஷ்டம்."

வைனோ குல்லாயை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

பதினான்காம் தேதி மத்தியானம் எல்லோரும் மரவீட்டில் கூடினார்கள். நிலம் வேட்டைக் கூட்டாளி ஆர்விட்டுடையது, சமையலும் அவன்தான். கேலிக்கும் குறைவில்லை. "அது முழுசா வளர்ற வரைக்கும் தொட்டில்ல போட்டு வை" என்றான் ஆர்விட், துப்பாக்கியின் குட்டைக் கட்டையைப் பார்த்து. லெஸ்டர் தன் தர்ட்டி நாட் சிக்ஸை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைத்தான். சவுனாவில் ஆவி பிடித்துவிட்டு, கறி அடைத்த பேஸ்டியைச் சுடச்சுடத் தின்றுவிட்டுப் படுத்தார்கள். வைனோ அன்றைக்குத் தோளைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்கினான்.

முதல் நாள் பெட்டை மான்கள்தான் வந்தன. அவனிடம் இருந்தது கொம்பு மானுக்கான அரசாங்கச் சீட்டு; அடித்தவன் அதை மானில் கட்ட வேண்டும், ஒரு சீட்டுக்கு ஒரு மான். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். இரண்டாம் நாள் காற்று சுழற்றி அடித்ததில் காக்கைகூட அசையவில்லை. மூன்றாம் நாள் மத்தியானமும் கழிந்தது. விரல் நுனி மரத்துப்போயிருந்தது. காலி ஃப்ரீஸரின் வெள்ளைச் சுவர் கண்முன் வந்து வந்து போனது. இருட்டுவதற்குள் ஒன்று நடக்காவிட்டால் இந்தக் குளிர்காலம் முழுக்க உருளைக்கிழங்குதான்.

அப்போது லெஸ்டர் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு வெடி. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு அவனுடைய விசில்.

வைனோ போனபோது லெஸ்டர் பனியில் நின்று கையை ஆட்டினான். "நல்ல கொம்பு மாப்ள! நெஞ்சுல வாங்கினான். மடங்கி விழுந்து எழுந்து ஓடிட்டான். ரெண்டாவது வெடி சும்மா போச்சு. இங்கதான் எங்கயாவது கிடப்பான்."

வைனோ தடத்தின் அருகே மண்டியிட்டான். ரத்தம் சொட்டுச் சொட்டாக, அதுவும் கொஞ்சம்தான். பனியில் வெள்ளையாக ஒரு சிம்பு கிடந்தது. எடுத்து விரலில் உருட்டினான். உள்ளே குழைவாகச் சோறு மாதிரி மஜ்ஜை ஒட்டியிருந்தது.

"இது நெஞ்செலும்பு இல்ல மச்சான். கால் எலும்பு."

"காலா? எழுபது கஜம் கூட இல்லயே!"

"குழல் கீழ போயிருக்கு."

 கேலி பண்ண வைனோவுக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் அவனுக்கு மனசு வரவில்லை. அந்த மான் மூன்று காலில் சதுப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில வந்து தேடுவோம்" என்றான் லெஸ்டர். "என் முட்டி இந்தச் சதுப்புக்குத் தாங்காது."

"நாளைக்கு எனக்கு வேலை. ராத்திரியில ஓநாய் மிச்சம் வைக்காது. நீ மெதுவா என் தடத்துலயே வா."

சதுப்பு என்றால் நடக்கிற இடம் இல்லை. பனிக்குக் கீழே பனிக்கட்டி, பனிக்கட்டிக்குக் கீழே கறுப்புத் தண்ணீர். ஒவ்வொரு அடிக்கும் கால் எங்கே நிற்கும் என்று தெரியாது. விழுந்த சீடார் மரங்களுக்கு அடியில் தவழ்ந்தும் மேலே ஏறியும் போனான். தடத்தில் மூன்று குளம்பும், நான்காவதன் இடத்தில் ஒரு கோடும். ஓரிடத்தில் மான் படுத்து எழுந்த குழியில் ரத்தம் உறைந்திருந்தது. தன் சத்தம் கேட்டுத்தான் எழுந்திருக்கிறது என்று புரிந்தது. அங்கேயே நின்றான். பூட்சுக்குள் தண்ணீர் சில்லிட்டது. துரத்தினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். விட்டால் படுக்கும். நிற்கத்தான் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு தடத்தை விட்டு விலகி, காற்று முகத்தில் படும்படி வளைத்துக்கொண்டு போனான்.

வெளிச்சம் சாம்பல் நிறமாக இறங்கிக்கொண்டிருந்தபோது பார்த்தான். இரண்டு சீடாருக்கு நடுவே மான் நின்றது. தான் வந்த வழியையே திரும்பிப் பார்த்துக்கொண்டு, கோணலாக. முன்தோள் குறுக்கே இருந்தது.

வைனோ ஒரு மரத்தில் சாய்ந்து துப்பாக்கியைத் தூக்கினான். கட்டை கோட்டில் சிக்காமல் கன்னத்தில் படிந்தது. கோணலாகக் கூடிய காறை எலும்பு ஒருமுறை விண்ணென்று இழுத்தது. இதோ அடி விழப்போகிறது என்று உடம்பு பழைய பாட்டைத் தொடங்கியது. அதைப் பாடவிட்டான். குறி மட்டும் தன் வேலை. ஸ்கோப்பின் கறுப்புக் கோடுகள் மானின் தோளுக்குச் சற்றுப் பின்னால் வந்து நின்றன. பாதி மூச்சை விட்டான். உள்ளே இருப்பது வெறும் தோட்டாவா நல்ல தோட்டாவா என்று தெரியாதவனைப் போல விரலை மெல்ல மெல்ல அழுத்தினான்.

வெடித்தபோது அவனே திடுக்கிட்டான். தோளில் யாரோ உள்ளங்கையால் தள்ளியது போல ஒரு தள்ளல், அவ்வளவுதான். கண் திறந்தே இருந்தது. மான் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, முன்னங்கால் மடிந்து, பனியை உழுதுகொண்டு விழுந்து அடங்கியது.

லெஸ்டர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது வைனோ மானின் பக்கத்தில் குல்லாயைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். லெஸ்டர் கொம்பை எண்ணினான். எட்டு முனை. காலையும் பார்த்தான். முட்டிக்குக் கீழே உடைந்து தொங்கியது. பிறகு சொன்னான்:

"முதல் ரத்தம் எடுத்தவன் நான். கேம்ப் வழக்கப்படி மான் என்னோடது."

"அது சாகற அடிக்கு மச்சான். கால்ல அடிச்சதுக்கு யாரும் முதல் ரத்தம்னு சொல்லமாட்டான். வேணும்னா ஆர்விட்டைக் கேப்போம். எல்லார் முன்னாலயும் காலைக் காட்டிக் கேப்போம்."

எல்லார் முன்னாலும் என்றதும் லெஸ்டரின் குரல் இறங்கியது. "சரி, ஒண்ணு பண்ணு. என் சீட்டைக் கட்டுவோம். நான் அடிச்சதா இருக்கட்டும். அந்த இருநூத்து முப்பதை மறந்துடறேன்."

இருநூற்று முப்பது லேசான தொகை இல்லை. அதைச் சேர்க்க எத்தனை மரம் சாய வேண்டும் என்று வைனோவுக்குத் தெரியும். மான் கறியைக் கடனுக்கு ஈடாகக் கொடுப்பது சட்ட விரோதம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதெல்லாம்கூட அப்புறம். காலி ஃப்ரீஸரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவளிடம் போய் என்ன சொல்வது? பையிலிருந்து தன் சீட்டை எடுத்தான். விறைத்த விரலால் அதில் அன்றைய தேதியைக் கத்தியால் வெட்டிக் குறித்து, கொம்பில் இறுக்கிக் கட்டினான்.

"பணம் பணமா வரும். மான் என் வீட்டுக்குப் போகுது."

 வைனோ மானின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தான். ஆவி எழுந்தது. ஈரலைத் துணியில் கட்டினான். கொம்பில் கயிறு கட்டி இரண்டு பேரும் இழுக்கத் தொடங்கினார்கள். வைனோ முன்னால், லெஸ்டர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு. ஒரு மேட்டில் மூச்சு வாங்க நின்றபோது லெஸ்டர் கேட்டான்.

"குழல் கீழ போச்சுன்னு எப்படிச் சொன்னே? நீ பார்க்கலயே."

"எனக்கும் போச்சு. ரெண்டு வருஷம்."

லெஸ்டர் கையுறையைக் கழற்றித் தன் புருவத்தைத் தடவினான். அங்கே பிறை மாதிரி ஒரு தழும்பு. "இது கிளை பட்டதுன்னு உங்ககிட்ட எல்லாம் சொன்னேன். கிளை இல்ல. மேக்னம் பின்னால வந்து ஸ்கோப்பால அடிச்சது. வாங்கின வாரமே. ஒரு பெட்டித் தோட்டா கூட நான் முடிக்கல மாப்ள. அதுக்கப்புறம் எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் கண்ணு மூடிக்குது."

"தெரிஞ்சேதான் என் தலையில கட்டினியா? என் தோள் இப்படி இருக்கும்போது?"

"தெரிஞ்சேதான்."

காற்று நின்றிருந்தது. வைனோவுக்குக் கயிற்றை அவன் முகத்தில் வீசிவிட்டுப் போகலாம் போல வந்தது. போகவில்லை.

"அந்த இருநூத்து முப்பது வேணாம்" என்றான் லெஸ்டர். "விட்டுடு."

"தயவுக்கு விடறியா, நியாயத்துக்கு விடறியா?"

லெஸ்டர் பனியைக் காலால் கிளறினான். "நியாயத்துக்குத்தான்."

"அப்போ நியாயமாவே பார்ப்போம். ஆயிரத்து நூறுக்கு வாங்கினேன், எண்ணூத்து அம்பதுக்கு வித்தேன். இருநூத்து அம்பது நஷ்டம். நீ இருநூத்து முப்பது விட்டாலும் இன்னும் இருபது டாலர் எனக்கு வரணும்."

லெஸ்டர் அவனை முறைத்துப் பார்த்தான். பிறகு, மூன்று நாளில் முதல் தடவையாக, யாரையும் இடிக்காமல் சிரித்தான். "பர்ஸ் கேம்ப்ல இருக்குடா பாவி."

"பர்ஸ் வேணாம்" என்று வைனோ கயிற்று முனையை அவன் கையில் திணித்தான். "இந்த இருபதுக்கு, ரோடு வரைக்கும் நீ முன்னால இழு."

லெஸ்டர் முட்டியைத் தேய்த்துக்கொண்டான். கயிற்றைத் தோளில் போட்டுக் குனிந்து இழுத்தான்.